படகில் விடுபட்ட சொல்

1

இந்தக் கதை ஒரு புகாரில் பிறந்தது. ஏரிக்கரையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தானாக வந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த ஏரிக்கு நான் போனதே இல்லை. ஒரு திங்கட்கிழமை காலை, அடுப்பில் குக்கர் கத்திக்கொண்டிருந்த நேரத்தில், ஈத்தூண்டில் சங்கத்தின் செயலாளர் ஃபோன் செய்தார்.

"உங்க அப்பாவும் உங்க மாமனாரும் நேத்து ஏரியில படகுல உக்காந்துக்கிட்டு சத்தமா சிரிச்சாங்கம்மா. அந்தச் சத்தத்துல மத்த படகுக்காரங்க யாருக்குமே மீன் மாட்டல. சங்கத்துக்குன்னு ஒரு கண்ணியம் இருக்கு இல்லையா?"

"யாரு சார் சிரிச்சாங்க?"

"உங்க அப்பாவும் உங்க மாமனாரும்."

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும்தான்."

"சேர்ந்தா?"

"ஒரே படகும்மா. அதுல எப்படித் தனித்தனியா சிரிக்கிறது?"

நான் ஃபோனை வைத்தேன், அடுப்பை அணைத்தேன், சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். [இது சிரிப்புக் கதை. முதல் பக்கத்திலேயே கதை சொல்கிறவள் அழுதால் எப்படி? அடுத்த திருத்தத்தில் இந்த வரியை எடுத்துவிட வேண்டும்.]

என் கல்யாணத்துக்குப் பிறகு அந்த இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து ஒருவரும் பார்த்ததில்லை. அப்படியென்றால், அந்தச் சிரிப்புக்கு முந்திய நிமிடம் படகில் ஏதோ நடந்திருக்கிறது. கதை அந்த நிமிடத்தில் இருக்கிறது. அதைப் பார்த்தவர்கள் இரண்டே பேர். இரண்டு பேரும் தூண்டில் போடுகிறவர்கள், அதாவது வாயைத் திறந்தால் ரீல் விடுகிறவர்கள்.*

* தூண்டிலின் அடியில் நரம்பைச் சுற்றிவைக்கும் உருளைக்கே ரீல் என்றுதான் பெயர். ஆகவே இவர்களைப் பற்றி அப்படிச் சொல்வது அவதூறு ஆகாது.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "பனி விலகாத ஏரியின் மேல் விடியல் மெல்லத் தன் பொன்விரல்களை" — இதற்கு மேல் என்னால் முடியவில்லை. விடியல் நேரத்தில் நான் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது தொடக்கம் மீனின் வாயிலிருந்து: "நான் ஒரு ட்ரவுட் மீன். என் வாழ்வில் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு" — இதை என் கணவன் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தான். "மீன் இவ்ளோ நல்லா தமிழ் பேசுமா?" என்று கேட்டுவிட்டு டீயை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மீனும் அதோடு போயிற்று.

மூன்றாவது: "இரண்டு நண்பர்கள் இருந்தார்கள்." இது இருக்கட்டும். ஆனால் அவர்களிடம் போவதற்கு முன் ஈத்தூண்டில் என்றால் என்ன என்று சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பாதியில் குழம்பிவிடுவீர்கள்.

புழுவைக் கோத்துப் போட்டால் மீன் பிடிபடும். அது எல்லோருக்கும் தெரியும். அப்படிச் சுலபமாகப் பிடிபடக் கூடாது என்று நினைக்கிறவர்களின் சங்கம் இது. கொக்கியில் இறகையும் நூலையும் சுற்றிச் சுற்றி, ஈ மாதிரி ஒன்றைச் செய்வார்கள். வாரம் முழுக்க அதைக் கட்டுவதே வேலை. ஞாயிற்றுக்கிழமை ஏரியில் படகில் உட்கார்ந்து அதைத் தண்ணீரின் மேல் வீசுவார்கள். ட்ரவுட் என்ற மீன் அதை நிஜ ஈ என்று நம்பிக் கவ்வ வேண்டும். பெரும்பாலும் நம்பாது. தப்பித் தவறி நம்பிவிட்டால், பிடித்து, பார்த்து, மறுபடியும் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். வியாபாரம் இல்லாத கடையில் ஈ ஓட்டுகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இவர்கள் சொந்த விருப்பத்தில், தொப்பி போட்டுக்கொண்டு ஈ ஓட்டுகிறவர்கள்.

சங்கத்து விதிகளைத் தமிழில் எழுதித் தரச் சொல்லி செயலாளர் ஒருமுறை என்னிடம் வந்தார். கதை எழுதுகிற பெண் என்ற மரியாதை. "மீனைப் பிடித்து விட வேண்டும்" என்று எழுதிக் கொடுத்தேன். பிடித்த பிறகு விடு என்று பொருள். பலகை எழுதியவர் நடுவில் இருந்த இடைவெளியை வீண் என்று நினைத்து, "மீனைப் பிடித்துவிட வேண்டும்" என்று சேர்த்து எழுதிவிட்டார். சேர்ந்து பல காலமாகியும் ஒரு மீன்கூடப் பிடிக்காத உறுப்பினர்கள் படகுத்துறையில் அந்தப் பலகையைக் கடக்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவர் மனம் நொந்து விலகியே போனார்.

[இந்த 'விடு' என்ற சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு முழுத் தூண்டில் காணாமல் போகப்போவது இதனால்தான். இதையெல்லாம் முன்கூட்டிச் சொல்லக் கூடாது. சொல்லிவிட்டேன். பாருங்கள், இங்கேயும் ஒரு 'விட்டேன்'.]

3

இரண்டு நண்பர்கள் இருந்தார்கள். ஒருவர் பல் டாக்டர்; என் அப்பா. இன்னொருவர் லிஃப்ட் மெக்கானிக்; இப்போது என் மாமனார்.

அப்பாவின் கிளினிக் இருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் ஒருநாள் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே அப்பா, கையில் நீளமான துணிப்பை. மேலே கூரைக் கதவைத் திறந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. "பயப்படாதீங்க சார். அது என்ன சார் பையில, துப்பாக்கியா?" "தூண்டில்ங்க." "என்ன தூண்டில்?" அப்பா சொன்னார். தலை இன்னும் கொஞ்சம் உள்ளே வந்தது. லிஃப்ட்டைச் சரி செய்வதை மறந்துவிட்டு இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்களாம், கீழே நோயாளிகள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க.

அன்று 'சார்'. அடுத்த மாதம் 'வாங்க போங்க'. மழைக்காலம் வருவதற்குள் 'டேய் பல்லு', 'டேய் லிஃப்ட்டு' ஆகிவிட்டது. அம்மா இறந்த பிறகு எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான், அதுவும் அந்த 'டேய்' வாசலில் கேட்ட பிறகுதான்.

ஒருவரை ஒருவர் சொல்லாத பேச்சு இல்லை. மெக்கானிக் மாமா கட்டுகிற ஈ எப்போதும் கறுப்பாக, தடியாக இருக்கும். அதைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டு அப்பா, "டேய், இது ஈயா, எருமையா?" என்பார். "உன் மூஞ்சிக்கு இது போதும்டா" என்பார் மாமா. இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அப்படி ஒன்றும் பெரிய நகைச்சுவை இல்லை. நண்பர்களின் நகைச்சுவைகளைத் தனியாக எடுத்துப் பார்த்தால் எதுவுமே தேறாது.

4

பிறகு நான் மாமாவின் மகனைக் கல்யாணம் செய்துகொண்டேன்.

காதல் எல்லாம் பெரிதாக ஒன்றும் இல்லை. சின்ன வயதிலிருந்து சண்டை போட்டுச் சண்டை போட்டு, வேறு ஆளைத் தேடச் சோம்பலாக இருந்தது. ["அப்படியா?" என்று என் கணவன் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறான். எழுதட்டும்.] எங்களுக்குக் கல்யாணத்தால் எந்தச் சிரமமும் இல்லை. இவனுடைய அப்பாவை நான் முன்பும் மாமா என்றுதான் கூப்பிட்டேன், இப்போதும் மாமாதான். என் அப்பாவை இவனும் அப்படியே. பழைய சொல் புது உறவுக்கும் அளவெடுத்த மாதிரி பொருந்திவிட்டது. நாங்கள் இருவரும் தனியாக இருக்கும்போது 'டா', 'டி'. ஆட்கள் வந்தால் 'என்னங்க', 'இந்தா'.

மாட்டிக்கொண்டது பெரியவர்கள்தான்.

கல்யாணத்தன்று கூட்டத்துக்கு நடுவே மாமா, "டேய் பல்லு, சாப்பிட்டியாடா?" என்று கேட்டார். என் அத்தை, அப்பாவின் அக்கா, கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"சம்பந்திய யாராவது டா போட்டுக் கூப்பிடுவாங்களா? நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

நாலு பேர் என்ன நினைத்தார்களோ தெரியாது. அன்றைக்கு மாலையே இருவரும் "வாங்க சம்பந்தி", "சொல்லுங்க சம்பந்தி" என்று ஆரம்பித்துவிட்டார்கள். முதலில் விளையாட்டாகத்தான். பிறகு அதுவே ஒட்டிக்கொண்டது.

'டா' போட்டுத் திட்டினால் திட்டு காற்றோடு போய்விடும். 'ங்க' போட்டுச் சொன்னால் அது மனசுக்குள் போய், நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளும். கல்யாணம் முடிந்து போன முதல் மீன்பிடிப்பில் மாமா வழக்கம்போல ஒரு கறுத்த, தடித்த ஈயை நீட்டினார். அப்பா அதைப் பார்த்தார். அவர் வாயில் வந்தது பழைய வாக்கியம்தான். ஆனால் மரியாதை வழியில் புகுந்து அதைத் திருத்திவிட்டது.

"நீங்க கட்டின ஈ… கொஞ்சம் பருமனா இருக்கோன்னு தோணுது, சம்பந்தி."

மாமாவின் முகம் விழுந்துவிட்டது. "அப்படீங்களா சம்பந்தி. சரிங்க. இனிமே உங்களுக்கு நான் கட்டித் தரல."

அவ்வளவுதான். எருமை என்று சொன்னபோது விழாத முகம் பருமன் என்றதும் விழுந்தது. அன்று முதல் வேறு வேறு படகு. ஏரியில் எதிர்ப்பட்டால் இருவரும் தொப்பியைத் தூக்கிக்கொள்வார்கள். என்னைப் பார்க்க வந்தால் இந்தச் சோபாவில் ஒருவர், அந்தச் சோபாவில் ஒருவர், நடுவில் பிஸ்கட் தட்டு. "எடுத்துக்குங்க சம்பந்தி." "நீங்க எடுத்துக்குங்க." பிஸ்கட் நமுத்துப் போகும்வரை இதுவே நடக்கும்.

போன மாதம் அப்பா என்னிடம், "இந்த வருஷப் படகு நாளோட சங்கத்த விட்டுடலாம்னு பாக்குறேன். தூண்டில யாருக்காவது குடுத்துடு" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார், யாரோ ஒருவரின் கடைவாய்ப் பல்லைப் பற்றிச் சொல்வதுபோல. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. அப்பாவுக்கு இருந்தது ஒரே ஒரு சிநேகிதன். அவரை மாமனாராக்கி நான் என் பக்கம் எடுத்துக்கொண்டுவிட்டேன். எனக்கு ஒரு குடும்பம் கிடைத்த அதே நாளில் அப்பாவுக்குப் பேச ஆள் இல்லாமல் போயிற்று.

[இப்போது தெரிகிறதா, ஏன் தரையில் உட்கார்ந்து அழுதேன் என்று? அந்த வரி இருக்கட்டும், எடுக்கவில்லை.]

5

வருஷத்துக்கு ஒருமுறை சங்கத்தார் எல்லோரும் ஒன்றாக ஏரியில் இறங்கும் நாள்தான் படகு நாள்; அந்த ஞாயிற்றுக்கிழமை அதுதான். அன்று நடந்ததை, நான் திரும்ப ஃபோன் செய்து கேட்டபோது செயலாளர் சொன்னபடி தருகிறேன். அவருக்குக் கற்பனை என்பதே கிடையாது. ஆகையால் இந்தப் பகுதியை மட்டும் நீங்கள் முழுசாக நம்பலாம்.

ஒரு படகுக்கு இரண்டு பேர். அப்பாவுடன் வழக்கமாக ஏறுகிற மருந்துக்கடைக்காரருக்குக் காய்ச்சல். மாமாவுடன் ஏறுகிறவர் அந்த மருந்துக்கடைக்காரரின் தம்பி. அண்ணனைப் பார்த்துக்கொள்ள அவரும் வரவில்லை. [ரொம்ப வசதியாக இருக்கிறதா? எனக்கும் உறுத்துகிறது. சீட்டுக் குலுக்கியதாக மாற்றிப் பார்த்தேன், அது இன்னும் மோசம். காய்ச்சல் கதையைக் கேட்டுக்கொண்டா வருகிறது?]

எல்லோரும் ஏறிப் போன பிறகு படகுத்துறையில் மீந்தது ஒரு படகு, இரண்டு சம்பந்திகள்.

"நீங்க ஏறுங்க சம்பந்தி."

"இல்லல்ல, நீங்க முதல்ல."

"பெரியவங்க நீங்க ஏறினாத்தானே…"

"நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே வயசுதானுங்களே சம்பந்தி."

செயலாளர் விசில் அடித்தார். இருவரும் ஒரே நேரத்தில் காலை வைத்தார்கள். படகு ஆடி, கரையை விட்டு நகர்ந்து, ஒரு காலில் கரையும் ஒரு காலில் படகுமாக இருவரும் கொஞ்ச நேரம் நின்றார்களாம். அப்போதும் "பாத்துங்க சம்பந்தி" என்றாராம் ஒருவர்.

ஏரியின் நடுவே போனதும் மோட்டாரை நிறுத்திவிட்டு, காற்று தள்ளுகிற பக்கம் படகை விட்டுவிடுவார்கள். ஆளுக்கு ஒரு முனையில் உட்கார வேண்டும். ஒருவர் வீசும்போது மற்றவர் பொறுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கொக்கி பக்கத்து ஆளின் காதில் மாட்டும். பழைய நாட்களில் இவர்கள் இருவருக்கும் அது மூச்சு விடுவது மாதிரி, சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. இன்றைக்கோ:

"நீங்க வீசுங்க சம்பந்தி."

"பரவால்ல, நீங்க வீசுங்க."

இப்படியே வெகுநேரம் ஒருவரும் வீசவில்லை. மற்ற படகுகள் விலகிப் போய்விட்டன. "அதுக்கப்புறம் நான் பாக்கலம்மா. சத்தம் மட்டும் கேட்டுது. தண்ணி மேல சத்தம் ரொம்ப தூரம் வரும்" என்றார் செயலாளர்.

"சிரிப்புக்கு முன்னாடி ஏதாவது கேட்டுதா சார்?"

"கேட்டுது. சங்கத்தோட கண்ணியத்த நெனச்சு நான் அதச் சொல்ல மாட்டேன்."

6

அப்பா சொன்னது.

கிளினிக்குக்குப் போனேன். உட்கார வேறு இடம் இல்லாததால் நோயாளி நாற்காலியிலேயே சாய்ந்தேன். அப்பா கை கழுவிக்கொண்டே சொன்னார்.

"ஒரு மீனு மாட்டிச்சு. சும்மா இல்ல, இதோ, என் முழங்கை அளவு. நான் பக்குவமா இழுத்துக்கிட்டு இருந்தேன். உன் மாமனார் பதறிப்போய் எந்திரிச்சு நின்னுட்டாரு. படகு ஆடுது. நான் அமைதியாத்தான் இருந்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் தூண்டில் தண்ணிக்குள்ள போயிருச்சு."

"தூண்டிலேவா? எப்படிப்பா?"

"காத்து."

"காத்து வந்து கையில இருக்குற தூண்டில எடுத்துக்கிட்டு போயிருச்சா? அதுக்கு முன்னாடி மாமா ஏதாவது சொன்னாரா?"

அப்பா முகமூடியை மூக்கு வரை இழுத்துவிட்டார். விளக்கை என் முகத்துக்கு நேராகத் திருப்பினார். "வாயைத் திற" என்றார்.

பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்வதே, வாயை மூடச் சொல்லத்தான். அன்று எனக்கு ஒரு சொத்தைப் பல் கண்டுபிடிக்கப்பட்டது. அது நிஜமா என்று இன்னமும் சந்தேகம் இருக்கிறது.

7

மாமா சொன்னது.

ஓர் அலுவலகக் கட்டடத்தில் வேலையாக இருந்தார். லிஃப்ட் பெட்டியின் கூரை மேல் உட்கார்ந்து, தலைக்கு மேல் போகிற இரும்புக் கம்பிகளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நான் திறந்திருந்த மாடிக் கதவோரம் நின்றேன். அவர் தலை என் தலைக்கு நேராக இருந்தது.

"மீனா அது? நாய்க்குட்டி சைஸ்மா! உங்கப்பா என்ன பண்றாரு, பல்லப் புடுங்குற மாதிரி புடுங்குறாரு. நரம்பு அப்படி இழுத்து நிக்குது. கம்பியப் பத்தி எனக்குத் தெரியாதா? இழுக்கும்போது விட்டுக் குடுக்கணும். விட்டுக் குடுத்து, அப்புறம் சுத்தணும். அவர் புடுங்கிக்கிட்டே இருக்காரு." மாமா எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார். குரல் மாறியது. "அத விடு. அவர் நரம்புல கட்டியிருந்த ஈ என்ன ஈ தெரியுமா? கறுப்பு. தடி. நான் கட்டினது. கல்யாணத்துக்கு அப்புறம் முதல்தடவ போனப்ப நீட்டினேனே, அதே ஈ. பருமன்னு சொன்ன மனுஷன், இத்தன நாளா தொப்பிக்குள்ள குத்தி வெச்சிருந்திருக்காரு."

"நீங்க பாத்தீங்களா?"

"அவர் அதக் கட்டும்போதே பாத்தேன். பாக்காத மாதிரி தண்ணியப் பாத்துக்கிட்டேன். என்னத்தச் சொல்ல?"

"அப்புறம் மீன் இழுக்கும்போது, நீங்க அவர்கிட்ட என்ன சொன்னீங்க மாமா?"

"கொஞ்சம் தள்ளி நில்லும்மா" என்றார். ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினார். பெட்டி இறங்கத் தொடங்கியது. உட்கார்ந்த வாக்கில், முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல், மாமா மெதுவாகக் கீழே போய் மறைந்தார்.

8

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். மீனின் அளவில் இருவரும் ஒத்துப்போகவில்லை. பதறியது யார், மீனை இழுத்தது பக்குவமாகவா பல்லைப் பிடுங்குவது போலவா, எதிலும் ஒத்துப்போகவில்லை. ஆனால் ஒரே ஓர் இடத்தில் மட்டும் இரண்டு பேரும் ஒரே மாதிரி வாயை மூடிக்கொள்கிறார்கள். இரண்டு ரீல்களிலும் ஒரே அளவு ஓட்டை.

கதாசிரியையின் வேலை அந்த ஓட்டையை அடைப்பது. அடைத்துப் பார்த்தேன்.

முதல் முயற்சி. மாமா சொல்கிறார்: "சம்பந்தி, தயவுசெஞ்சு அந்த நரம்பைக் கொஞ்சம் தளர்த்தி விடுறீங்களா?" — சரிப்படாது. இந்த வாக்கியம் முடிவதற்குள் மீன் எதிர்க்கரைக்குப் போய்ப் பேரன் பேத்தி எடுத்துவிடும். மரியாதைக்கு நீளம் அதிகம்.

இரண்டாவது: "விடுங்க சம்பந்தி!" — சின்னதாக இருக்கிறது. ஆனால் "விடுங்க" என்றால் தமிழில் ஆறுதல். போனால் போகட்டும், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று அர்த்தம். அப்பா ஒரு பெருமூச்சு விட்டு, "எப்படீங்க விடுறது?" என்று சொல்லியிருப்பார். நரம்பு அறுந்திருக்கும். இரண்டு சம்பந்திகளும் மௌனமாகக் கரைக்குத் திரும்பியிருப்பார்கள். தூண்டில் கையிலேயே இருந்திருக்கும். அப்பா அதை யாருக்காவது கொடுத்திருப்பார்.

மூன்றாவது: "[      ] விடு—"

இது ஒன்றுதான் பொருந்துகிறது. நரம்பைத்தான் விடச் சொன்னார். ஆனால் அதற்கு முன்னால் வந்த சொல் இருக்கிறதே, அதை அப்பா கேட்டு அவ்வளவு நாளாயிற்று. அது காதில் விழுந்ததும் மீன், நரம்பு, படகு எல்லாம் மறந்துபோய், கை தானாகத் திறந்திருக்கும். தூண்டில் முழுசாகத் தண்ணீருக்குள். மீன் அதை இழுத்துக்கொண்டு போகிறது, பின்னாலேயே மாமாவின் கறுத்த ஈயும். அப்பா வெறும் கையைப் பார்க்கிறார். பிறகு மாமாவைப் பார்க்கிறார்.

"[      ] எதை விடச் சொன்ன—"

[இந்த வாக்கியத்தின் வாலை நான்தான் வெட்டினேன். 'ஈங்க' இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா என்று கேட்காதீர்கள். நான் எழுதும் எல்லாவற்றையும் அத்தை படிப்பாள். படித்துவிட்டு ஃபோன் செய்வாள்.]

அதற்குப் பிறகு சிரிப்பு. அதற்குத்தான் சாட்சி இருக்கிறதே, புகாரோடு.

9

அத்தையைப் பற்றி ஒரு வார்த்தை. கையெழுத்துப் பிரதியைப் படித்த என் கணவன், "அத்தைய வில்லியாக்கிட்ட. ரொம்ப ஈஸியா முடிச்சுட்ட" என்றான். யோசித்துப் பார்த்தேன். அவன் சொன்னது சரிதான். [இதைப் படித்துவிட்டு அவன் வீட்டுக்குள் நடக்கிற நடையை நீங்கள் பார்க்க வேண்டும்.]

அத்தையின் கல்யாணத்தில் அவளுடைய மாமனார், கூட்டத்துக்கு நடுவே, என் தாத்தாவை "நீ அந்தப் பக்கம் போய் உக்காரு" என்று ஒருமையில் சொன்னாராம். தாத்தா தலை நிமிராமல் போய் உட்கார்ந்தாராம். அத்தை அதை ஒரே ஒரு தடவைதான் என்னிடம் சொல்லியிருக்கிறாள். தன் தம்பிக்கு யாரும் அப்படிச் செய்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அன்று தட்டைக் கீழே வைத்தாள். ஒரே 'நீ'தான். ஒருவர் சொன்னால் ஆளைக் கூனிக் குறுகவைக்கிறது, இன்னொருவர் சொன்னால் வீட்டையே நிமிர வைக்கிறது. அத்தைக்கு முதலாவது மட்டும்தான் தெரியும். இதற்காக அவளைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆகவே அவள் வில்லி இல்லை. கதைக்கு வில்லியே இல்லை. நஷ்டம்தான், என்ன செய்வது?

10

முடிவுகள்.

ஒன்று: இருவரும் எல்லோர் முன்னிலையிலும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள், அத்தை கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். எழுதிப் பார்த்தேன். எனக்கே கூச்சமாக இருந்தது.

இரண்டு: சிரித்தது அந்த ஒருநாள் மட்டும்தான், கரை ஏறியதும் பழையபடி 'சம்பந்தி' ஆகிவிடுகிறார்கள், அப்பா சங்கத்தை விட்டுவிடுகிறார். இலக்கியமாக இருக்கும் என்று இவன் சொன்னான். இலக்கியத்துக்காக என் அப்பாவைத் தனியாக உட்கார வைக்க என்னால் முடியாது.

ஆகவே முடிவை எழுதப்போவதில்லை என்று தீர்மானித்துப் பேனாவை வைத்துவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தோம். அத்தையும் வந்திருந்தாள்.

"சாப்பிடுங்க சம்பந்தி."

"நீங்க ஆரம்பிங்க சம்பந்தி."

"ரசம் ஊத்தட்டுங்களா சம்பந்தி?"

"தங்கள் சித்தம், சம்பந்தி."

'தங்கள் சித்தம்' என்றதும் நான் நிமிர்ந்தேன். மாமாவின் காது சிவந்திருந்தது. அப்பா உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு தட்டையே பார்த்தார். அவருடைய தோள் குலுங்கியது. அத்தை பெருமையோடு என் பக்கம் திரும்பி, "பாரு, எப்படி மரியாதையா இருக்காங்க" என்றாள்.

கை கழுவியதும், "உங்க கட்டடத்து லிஃப்ட்ல ஏதோ சத்தம் வருது. நான் ஒருதடவ பாத்துட்டு வந்துடறேன்" என்றார் மாமா. "நானும் வரேங்க சம்பந்தி" என்று அப்பா எழுந்தார். இருவரும் லிஃப்ட்டுக்குள் போனார்கள். கதவு மூடியது. கொஞ்ச தூரம் இறங்கிய சத்தம் கேட்டது. பிறகு எங்கள் மாடிக்கும் கீழ் மாடிக்கும் நடுவே, லிஃப்ட் நின்றது.

அத்தை பதறிக்கொண்டு வெளியே ஓடி வந்தாள். "ஐயையோ, நின்னுருச்சா? ரெண்டு பேரும் உள்ள மாட்டிக்கிட்டாங்களே! ரிப்பேர் பண்ற ஆள கூப்பிடுங்கடி யாராவது!"

"அத்தை, ரிப்பேர் பண்ற ஆளு உள்ளதான் இருக்காரு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். மூடிய கதவுக்குப் பின்னால், கீழே எங்கிருந்தோ, ஒரு டப்பா திறக்கும் சத்தம் வந்தது. புதிதாக ஏதோ ஒன்றை யாரோ யாரிடமோ நீட்டுகிறார். வாங்கி உருட்டிப் பார்க்கிற நேரம் அளவுக்கு அமைதி. பிறகு என் அப்பாவின் குரல்.

அந்த வாக்கியத்தை இங்கே எழுதுகிறேன். முதல் சொல்லை மட்டும் நான் எழுத மாட்டேன், அத்தை படிப்பாள். [அவளும்தான் அன்று கதவோரம் நின்றிருந்தாள். கேட்டதா என்று நான் கேட்கவில்லை. உள்ளே போய் எல்லோருக்கும் காபி போடத் தொடங்கினாள், கீழே நிற்கிற இரண்டு பேருக்கும் சேர்த்து.] இடம் விட்டிருக்கிறேன். இரண்டே எழுத்து. வாய்விட்டுச் சொல்லி நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். தயவுசெய்து 'ங்க' சேர்க்காதீர்கள்.

"[      ], இது ஈயா, எருமையா?"